பரம்பரை மேல் பழி போடலாமா?

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்கும் எந்தத் தெருவிலும் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் கிடைக்கும்.

“தாத்தாவுக்கு இருந்தது. அப்பாவுக்கு இருந்தது. எனக்கு மட்டும் வராமல் போகுமா? பரம்பரை வியாதி. தலையெழுத்து!” என்பார் ஒருவர்.

“என் உடம்பைப் பாருங்கள். எலும்பும் தோலும்தான். குண்டு ஆளுக்கு வருகிற வியாதி எனக்கு எங்கே வரப்போகிறது?” என்பார் அடுத்த வீட்டுக்காரர்.

முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பதிலில் கால்வாசி உண்மைகூட இல்லை. ஆனால் இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். ‘வரத்தான் போகிறது’ என்பவரும் ரத்தச் சோதனைக்குப் போவதில்லை. ‘வரவே வராது’ என்பவரும் போவதில்லை.

ஆறு பேரில் ஒருவர்

காஞ்சிபுரத்தைப் பற்றி ஊகமாகப் பேச வேண்டியதில்லை. கணக்கே இருக்கிறது.

சென்னை நீரிழிவு நிபுணர் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 2006-ஆம் ஆண்டில் மூன்று இடங்களில் ஜனங்களைச் சோதித்தார்கள். ஒன்று, பெருநகரமான சென்னை. இரண்டாவது, நடுத்தர ஊரான காஞ்சிபுரம். மூன்றாவது, பலாப் பழத்துக்கும் முந்திரிக்கும் பேர்போன பண்ருட்டியை ஒட்டிய கிராமங்கள். மொத்தம் 7,066 பேர். எல்லோரும் 20 வயது நிறைந்தவர்கள். காஞ்சிபுரத்தில் மட்டும் 2,290 பேர். முடிவுகள் 2008-ல் வெளிவந்தன.

சென்னையில் நூற்றுக்கு 18.6 பேருக்கு நீரிழிவு இருந்தது. காஞ்சியில் 16.4 பேருக்கு. கிராமங்களில் 9.2 பேருக்கு.

கோயிலும் குளமும் தறியுமாக அமைதியான ஊர் என்று காஞ்சிக்குப் பெயர். நீரிழிவு விஷயத்தில் மட்டும் அது கிராமத்தின் பக்கம் நிற்கவில்லை. சென்னையின் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஆறு பேர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்று பொருள். சிகிச்சையிலோ காஞ்சியும் கிராமங்களும் சென்னையைவிடப் பின்தங்கியிருந்தன. வியாதி பட்டணத்து அளவுக்கு வந்துவிட்டது. வைத்தியம் அந்த அளவுக்கு வரவில்லை.

சென்னைக்காரர், காஞ்சிக்காரர், பண்ருட்டிக்காரர் எல்லோரும் தமிழர்களே. பரம்பரைதான் முழுக் காரணம் என்றால் கிராமத்தில் வியாதி பாதியாக இருப்பானேன்? சரி, பரம்பரைக்குப் பங்கே இல்லை என்றால், ஒல்லியான தமிழர்களுக்கு இத்தனை பேருக்கு வருவானேன்?

இதைப் புரிந்துகொள்ள உடம்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

திறக்காத கதவு

சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை உடம்பு முழுவதும் கொண்டு போகிறது. வேலை செய்யும் தசைக்கு அந்தச் சர்க்கரைதான் விறகு. ஆனால் அது தானாகத் தசைக்குள் நுழைந்துவிடாது. வாசலில் நின்று கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது.

சிலருடைய உடம்பில் இந்தக் கதவு சுலபமாகத் திறப்பதில்லை. ஒரு தட்டுக்குத் திறக்க வேண்டிய கதவு, பல தட்டுக்குப் பிறகே திறக்கிறது. டாக்டர்கள் இதை ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்கிறார்கள். கணையம் என்ன செய்யும்? மேலும் மேலும் இன்சுலினை அனுப்புகிறது. இப்படியே பல வருஷங்கள் ஓடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கணையம் களைத்துப் போகிறது. அன்று முதல் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கத் தொடங்குகிறது. அதுதான் நீரிழிவு.

கதவு இறுகுவதற்குப் பெரிய காரணம் கொழுப்பு. எல்லாக் கொழுப்பும் அல்ல. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் கொழுப்பு.

பழைய வீடுகளில் நெல் குதிர் இருக்கும். நெல் குதிருக்குள் இருக்கும் வரை தொந்தரவு இல்லை. குதிர் நிரம்பிய பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால்? நடையில் மூட்டை, அடுப்படியில் மூட்டை, படுக்கும் இடத்தில் மூட்டை என்று வீடே நடமாட முடியாமல் போய்விடும். தொடையிலும் தோலுக்கு அடியிலும் சேரும் கொழுப்பு, குதிருக்குள் இருக்கும் நெல். கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் சேரும் கொழுப்பு, நடையில் கிடக்கும் மூட்டை.

இந்தியருடைய குதிர் சிறியது என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கருத்து. ஐரோப்பியர் உடம்பில் பத்துப் பதினைந்து கிலோ கூடினாலும் தோலுக்கு அடியில் இடம் இருக்கும். நம்மவர் உடம்பில் நாலைந்து கிலோ கூடுவதற்குள் குதிர் நிரம்பி வழிந்துவிடுகிறது. கை கால் மெலிந்தே இருக்கும். வயிறு மட்டும் முன்னால் வந்துவிடும். ‘செல்லத் தொந்தி’ என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு!

இரண்டு டாக்டர்களின் படம்

லண்டனிலிருந்து வெளியாகும் ‘லான்செட்’ என்ற மருத்துவ சஞ்சிகையில் 2004-ஆம் ஆண்டு ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று கணக்கிடும் அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. யாரைப் பார்த்தாலும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன் டாக்டருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு. பூனா டாக்டருக்கு 21.2 பங்கு. இரண்டு மடங்குக்கும் மேல்!

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. லண்டன் டாக்டர் மாரத்தான் ஓடுகிறவர். பூனா டாக்டர் ஓடுவது, ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் போய்ச் சேர்வதற்காக. அவர்களே இதை ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள். வித்தியாசம் முழுவதும் பிறப்பினால் வந்தது என்று அந்தப் படம் சாதிக்கவில்லை. தராசு சொல்வதை மட்டும் நம்பாதே என்றுதான் அது சொல்கிறது.

ஒரே ஊரில் பல இனத்தவர் வாழும் சிங்கப்பூரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 2010-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில், மலாய்க்காரர்களில் நூற்றுக்கு 24 பேர் பருமன் உள்ளவர்கள். இந்தியரில் 17 பேர். சீனரில் 8 பேர். பருமனை வைத்துப் பார்த்தால் நீரிழிவிலும் மலாய்க்காரர்களே வெகு தூரம் முந்தியிருக்க வேண்டும். அப்படி இல்லை. நூற்றுக்கு 17.2 என்று இந்தியர் முதலில் நின்றார்கள். மலாய்க்காரர் 16.6. சீனர் 9.7. சிங்கப்பூர் இந்தியரில் தமிழர்களே அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உலகத்தில் இருக்கிறது. பசிபிக் கடலில் சமோவா என்ற தீவு. ஜனங்கள் வாட்டசாட்டமானவர்கள். அவர்களில் பலரிடம் உள்ள ஒரு மரபணு மாறுதலை 2016-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது உடம்பைப் பருக்க வைக்கிறது. ஆனால் நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கிறது! பெரிய குதிர் வாய்த்த பாக்கியசாலிகள் என்று சொல்லலாம்.

ஓர் இழையால் சேலை ஆகாது

மரபணு என்பது தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்பு. மூக்கு எப்படி, முடி எப்படி, உயரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நீரிழிவுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. சாதாரணமாக வரும் நீரிழிவுக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சிறு சிறு மாறுதல்கள் சேர்ந்து காரணமாகின்றன. பட்டுச் சேலையில் ஓர் இழை மாதிரி ஒவ்வொன்றும். ஓர் இழையால் சேலை ஆகிவிடாது.

‘எஃப்.டி.ஓ.’ என்ற மரபணுவில் உள்ள ஒரு மாறுதல் 2007-ல் தெரியவந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அதைப் பெற்ற ஐரோப்பியர், மற்றவரைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடியிருந்தார்கள். 2008-ல் லண்டன்வாழ் இந்தியர்களைச் சோதித்தபோது, ‘எம்.சி.4.ஆர்.’ என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு மாறுதல் கிடைத்தது. அதை இரு வழியிலும் பெற்றவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அதிகம். இன்சுலின் எதிர்ப்பும் அதிகம். அந்த மாறுதல் ஐரோப்பியரிடமும் உண்டு. ஆனால் இந்தியரிடம் கூடுதலாக இருந்தது.

2 சென்டிமீட்டர் என்பது ஒரு விரல் அகலம். ஒரு விரல் அகலத்தின் மேல் எல்லாப் பழியையும் போட முடியுமா?

அதற்காகப் பரம்பரையை அலட்சியம் செய்துவிடவும் கூடாது. சென்னை ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஆஸ்பத்திரி நிறுவியவர் டாக்டர் எம். விசுவநாதன். தாய், தந்தை இருவருக்குமே நீரிழிவு உள்ள குடும்பங்களை அவருடைய குழுவினர் ஆராய்ந்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் 25 வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை என்றால் பிள்ளை சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்த இழைகள் நம்மிடம் எப்படிச் சேர்ந்தன? அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் நீல் 1962-ல் ஒரு யோசனை சொன்னார். பஞ்ச காலத்தில், கிடைத்த கொஞ்சம் ஆகாரத்தையும் சிக்கனமாகச் சேர்த்து வைக்கும் உடம்பே பிழைக்கும். அந்தச் சிக்கன உடம்பு, மூன்று வேளையும் சோறு கிடைக்கும் காலத்தில் வியாதிக்கு இடம் கொடுக்கிறது என்றார் அவர். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட குடும்பங்களுக்கு இது சட்டென்று மனத்தில் தைக்கும். ஆனால் விஞ்ஞானிகள் எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

பரம்பரை என்று பேர் வாங்கிக்கொள்ளும் இன்னொன்றும் இருக்கிறது. அது தாயின் வயிறு. பூனா கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளையும் டாக்டர் யாஜ்னிக்கும் மற்றவர்களும் ஒப்பிட்டார்கள். பூனாக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. எடை குறைந்ததே தவிர, முதுகுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசைதான். கர்ப்பிணிக்குச் சத்துக் குறைந்தாலும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறினாலும், பிள்ளையின் பிற்கால ஆரோக்கியத்தை அது தொடுகிறது. சென்னை டாக்டர் வி. சேஷய்யாவின் விடாமுயற்சியால், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று 2007-ல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. இது மரபணு அல்ல, மாற்றக்கூடிய பரம்பரை.

எல்லைக் கோட்டுக்கு இரு புறமும்

பரம்பரை எவ்வளவு, வாழ்க்கை எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது.

பிமா என்பவர்கள் அங்குள்ள ஆதிக் குடிகள். ஒரு பிரிவினர் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறார்கள். இன்னொரு பிரிவினர் எல்லைக்குத் தெற்கே மெக்சிகோ நாட்டு மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள். இரு பிரிவினரும் ஒரே வம்சத்தார். அரிசோனா பிமாக்கள் ஒரு காலத்தில் ஆற்று நீரைப் பாய்ச்சி விவசாயம் செய்தவர்கள். மேலே குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. உழைப்பு போயிற்று. கடை மாவும் கொழுப்பும் சர்க்கரையும் வீட்டுக்கு வந்தன. மெக்சிகோ பிமாக்களோ மலையில் கையால் உழுது, நடந்து, சோளமும் அவரையும் சாப்பிட்டு வந்தார்கள்.

இரு பிரிவினரையும் ஒப்பிட்ட கணக்கு 2006-ல் வெளிவந்தது. அரிசோனாவில் நூற்றுக்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்சிகோவில் 6.9 பேருக்கு.

ஒரே வம்சம். கோட்டுக்கு இந்தப் பக்கம் 38. அந்தப் பக்கம் 7. சென்னையும் காஞ்சியும் பண்ருட்டியும் சொல்லும் கதை இதேதான். பிமாக்களுக்கு நடுவில் ஒரு தேசத்தின் எல்லை இருந்தது. நமக்கு நடுவில் ஒரு பஸ் பயணம்.

கண்ணும் காலும் போனால்

காஞ்சியில் இந்த வியாதிக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு கொடுமை உண்டு.

நீரிழிவு முதலில் தொடுவது சிறு ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும். கவனிக்காமல் விட்டால் கண்ணின் விழித்திரை கெடுகிறது. பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. முள் குத்தினாலும் தெரியாது. புண் ஆன பிறகே தெரியும். விரல்கள் மடங்கி நீளாமல் சிக்கிக்கொள்வதும், தோள் மூட்டு இறுகிப்போவதும் நீரிழிவுக்காரர்களிடம் அதிகம்.

குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியை நினைத்துப் பார்க்க வேண்டும். கால் மிதியை மிதிக்கிறது. கை நாடாவைத் தள்ளுகிறது. கண் இழையை விட்டு நகர்வதில்லை. ஜரிகையில் ஓர் இழை தப்பினால் சேலையின் மதிப்பே குறையும். கோர்வைச் சேலை என்றால் உடலையும் கரையையும் இணைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை தடுமாறினால் இருவர் வேலையும் நிற்கும். கண், கால், விரல், தோள் இவையே அவருடைய மூலதனம். இந்த நான்கையும் தேடிப் பிடித்துத் தின்னும் வியாதி இது.

தறி வேலை உடம்பை முறிக்கும் வேலைதானே, அது போதாதா என்று கேட்கலாம். உழைப்புதான், ஆனால் உட்கார்ந்த உழைப்பு. காலை முதல் மாலை வரை குழியை விட்டு எழுந்திருக்காத உழைப்பு. தெருவில் பாவு நீட்டி, அங்கும் இங்கும் நடந்து செய்யும் வேலை நாளில் சில நேரம்தான். நூல் வாங்கவும் சேலை கொடுக்கவும் முன்பு நடந்து போனார்கள். இப்போது மோட்டார் சைக்கிள். அதைக் குறை சொல்வதற்கில்லை. நடை போயிற்று என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

தையற்காரர் டேப் போதும்

இந்தியருடைய உடம்பு வாகு வேறு என்று தெரிந்த பிறகு, அளவுகோலும் மாறியிருக்கிறது. ஐரோப்பியருக்கு உயர–எடை அளவு 25 வரை சரி. 30-ல் தான் பருமன் என்று பெயர். இந்தியருக்கு 23-லேயே எச்சரிக்கை, 25-ல் பருமன்.

கிலோவில் சொன்னால் எளிதில் விளங்கும். 5 அடி 4 அங்குலம் உயரமுள்ள ஒரு வெள்ளைக்காரர் 80 கிலோவைத் தொட்டால்தான் பருமன். அதே உயரமுள்ள காஞ்சிபுரத்துக்காரருக்கு 61 கிலோவில் எச்சரிக்கை மணி. 66 கிலோவைத் தாண்டினால் பருமன். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு 53-ம் 58-ம்.

இதைவிட முக்கியம் இடுப்பு. தையற்காரர் டேப் ஒன்று போதும். வேட்டி கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது; தொந்தி அதற்கு மேலே தப்பித்துக்கொள்ளும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது தன்னைத்தானே ஏமாற்றுவது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது 35½ அங்குலம். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், 31½ அங்குலம். அதைத் தொட்டால் ஜாக்கிரதை.

2023-ல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கில், எடையை வைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 28.6 பேர் பருமன் உள்ளவர்கள். இடுப்பை அளந்தபோது 39.5 பேர்! தராசுக்குத் தப்பியவர்கள் டேப்பில் மாட்டிக்கொண்டார்கள். அதே கணக்கில் தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் நூற்றுக்கு 14.4 பேர், தேசம் முழுவதுக்கும் 11.4.

சென்னையில் டாக்டர் வி. மோகனுடைய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2005-ல் ஒரு சுலபமான மார்க் முறையை வெளியிட்டார்கள். மொத்தம் 100 மார்க். பரீட்சையில் அதிக மார்க் நல்லது. இதில் அதிக மார்க் கெடுதல்.

வயது 35-க்குக் கீழ் என்றால் மார்க் இல்லை. 49 வரை 20. 50 ஆனால் 30. இடுப்பு மேலே சொன்ன அளவுக்குள் இருந்தால் மார்க் இல்லை. அதைத் தொட்டால் 10. அதற்கும் மேல் 10 சென்டிமீட்டர் போனால் 20. தேகப் பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் இருந்தால் மார்க் இல்லை. ஒன்று மட்டும் இருந்தால் 20. இரண்டும் இல்லாவிட்டால் 30. தாய் தந்தையில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10. இருவருக்கும் என்றால் 20.

60 மார்க்கைத் தொட்டவர் உடனே ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

பட்டுக் கடையில் கணக்கு எழுதும் 42 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 94 சென்டிமீட்டர், அதற்கு 10. அப்பாவுக்குச் சர்க்கரை, அதற்கு 10. நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை, பயிற்சி இல்லை; அதற்கு 30. ஆகமொத்தம் 70. அவர் தினம் நடக்க ஆரம்பித்து, இடுப்பையும் 90-க்குள் கொண்டுவந்தால் 70 என்பது 50 ஆகிவிடும். அப்பா கொடுத்த 10 அப்படியே இருக்கும். அதை யாராலும் எடுக்க முடியாது. ஆனால் நூறு மார்க்கில் பரம்பரைக்கு அதிகபட்சம் 20தான். இடுப்புக்கும் உழைப்புக்கும் 50. ‘தலையெழுத்து’ என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

நடந்து காட்டியவர்கள்

நடந்தால் மட்டும் போதுமா, பரம்பரையை வெல்ல முடியுமா என்ற கேள்விக்கும் நம் நாட்டிலேயே விடை உண்டு. சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கும் 531 பேரை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரண அறிவுரை. இன்னொரு பிரிவினருக்குத் தினம் அரை மணி நேரமாவது நடை, சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்களில் குறைப்பு, நார்ச்சத்தில் கூடுதல். முடிவு 2006-ல் வெளிவந்தது. முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்தவர்களில் 39 பேருக்கு.

நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! இருந்தும் பலன் கிடைத்தது. வேலை செய்கிற தசை கதவைத் தானே திறந்துவைக்கிறது. “நடந்து பார்த்தேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை” என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லோரும் தப்பவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. நடந்தும் 39 பேருக்கு வந்துவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. அவர்களுடைய இழை அப்படி. நீரிழிவு வந்தவரைப் பார்த்து ‘வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா’ என்று உறவினர் குத்திப் பேசுவதும் அநியாயம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்கும் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியின் மேல் யாரும் பழி போட வேண்டாம். பிரசாதம் ஒரு துண்டு. என்றைக்கோ ஒரு நாள். குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறார். சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வந்தது. தீட்டிய வெள்ளை அரிசி போன்ற தானியங்களை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பும் பெரிது, இன்சுலின் எதிர்ப்பும் அதிகம். மூன்று வேளையும் அரிசி. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காய். ஏழை வீட்டு இலையும் பணக்கார வீட்டு இலையும் இதில் ஒன்றாகிவிட்டன. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பயறும் கீரையும் வைத்தால் காசு அதிகம் ஆகாது.

சங்கங்களும் சர்க்காரும் செய்ய வேண்டியது

தனி மனிதரின் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிட்டுப் போவது நியாயம் அல்ல. கூலி நாளை இழந்து, ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க எந்த நெசவாளியாலும் சுலபத்தில் முடியாது. உடம்பில் தொந்தரவு இல்லாதபோது யார் போவார்கள்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்து வீடு தேடி வர வழி செய்த திட்டம். நல்ல ஏற்பாடு. அந்த ஏற்பாடு தறி வீட்டுக் குழி வரைக்கும் வர வேண்டும். வியாதி வந்தவருக்கு மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல், அதே வீட்டில் உள்ள 30 வயதைத் தாண்டிய மகனையும் மகளையும் சோதிக்க வேண்டும். அப்பாவுடைய சீட்டே பிள்ளைக்கு அழைப்புக் கடிதம் ஆகட்டும்.

பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் காஞ்சியில் பல இருக்கின்றன. நெய்து முடித்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்க நெசவாளி அங்கே வந்தே தீர வேண்டும். அந்த நாளில் சங்கத்தின் திண்ணையில் ஒரு மேஜை, ஒரு நர்ஸ், ஒரு டேப், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்கும் கருவி இருந்தால் போதும். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம். சர்க்கரை கூடுதலாகத் தெரிந்தவரை, மறுநாள் வெறும் வயிற்றில் முறையான சோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அப்படி உள்ளவருக்குக் கண் டாக்டரிடம் ஒரு சீட்டும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்தால், கெடுதலை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

பெண்களை இதில் விட்டுவிடக் கூடாது. நூல் சுற்றுவதும், பாவில் அறுந்த இழையைப் பிணைப்பதும், கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுவதும் வீட்டுப் பெண்கள்தான். சங்கத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை என்பதற்காக மேஜைக்கு முன்னால் அவர்களுக்கு இடம் இல்லாமல் போகக் கூடாது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்த பெண்கள், பிரசவத்தோடு அது போய்விட்டது என்று மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம். அவர்களை முதலில் கூப்பிட வேண்டும்.

செலவு என்று பார்த்தால், டேப் ஒன்றின் விலை சில ரூபாய். முதல் மேஜையை எந்தச் சங்கம் போடுகிறது என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்களே கேட்கலாம். அடுத்த சேலையைக் கொண்டுபோகும் நாளில் கேட்டால் போதும்.